வெள்ளைக்கு எண் ஆறாயிரத்து ஐநூறு

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததில் பாதி அதனால்தான் நடந்தது. பெயர் தனலெட்சுமி. செனாயில் கம்ப்யூட்டர் மானிட்டர்களைப் பாகம் சேர்த்துப் பூட்டும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். மூன்றாம் லைனுக்கு நான்தான் லீடர். காவலாளியிலிருந்து மேலாளர் வரை எல்லோரும் தனா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு.

நாங்கள் பூட்டுவது மலிவு விலை ஃபோர்-கே மானிட்டர். இருபத்தேழு அங்குலம், எறும்பின் கால் வரைக்கும் தெரியும், விலை மட்டும் பேர்பெற்றவர்கள் கேட்பதில் பாதி. பாதி விலைக்கு விற்க வேண்டுமென்றால் எங்கேயாவது கையைச் சுருக்கத்தானே வேண்டும்? படம் தெரியும் தகட்டில், அதாவது பேனலில், சுருக்குவார்கள். ஒரு பேனலில் மூலையில் வெளிச்சம் கசியும். இன்னொன்றில் நட்டநடுவே ஒரு புள்ளி செத்துப்போய் ஈ உட்கார்ந்த மாதிரி நிற்கும். அதையெல்லாம் பெட்டிக்குள் போவதற்கு முன் பிடித்து ஒதுக்குவது எங்கள் பொறுப்பு. செத்த புள்ளியை ஆறடி தள்ளி நின்றே காட்டிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

டிசம்பர் முதல் வாரம், திங்கட்கிழமை காலை, மெர்சிங்கிலிருந்து ஒருவர் காரை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்வாசல் சர்வீஸ் கவுண்டரில் நின்றார். ஐயாசாமி என்று பெயர். அங்கே ஸ்டூடியோ வைத்திருக்கிறார். ஒரு தோளில் எங்கள் மானிட்டர் பெட்டி, மறு கக்கத்தில் ஒரு கல்யாண ஆல்பம். மனிதர் தமிழில் பொரிந்து தள்ளியதைத் தாங்க முடியாமல் கவுண்டர்ப் பெண் என்னைக் கூப்பிட்டுவிட்டாள்.

"இதப் பாருங்கம்மா," என்று ஆல்பத்தைத் திறந்தார்.

மணப்பெண் மஞ்சளாக இருந்தாள். மாப்பிள்ளை மஞ்சள். அவன் பட்டு வேட்டி மஞ்சள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐயருக்கும் அவர் முன்னால் இருந்த குத்துவிளக்குக்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை.

"நலங்குப் படமா அண்ணே?" என்று கேட்டேன்.

"தாலி கட்டுற படம்," என்றார். "பொண்ணோட அம்மா கடைக்கு வந்து, எம்மகளுக்கு என்ன மஞ்ச காமாலையான்னு கேக்கறாங்க. உங்க ஸ்க்ரீன்ல பாக்கறப்ப எல்லாமே நீலம் பாஞ்ச மாதிரி தெரிஞ்சிச்சி. சரி, நம்ம கேமராதான் தப்புன்னு நெனச்சி நீலத்தக் கொறச்சி மஞ்சளக் கூட்டினேன். ஸ்க்ரீன்ல அழகா வந்துச்சி. அச்சடிச்சா இப்படி நிக்குது. மெர்சிங்ல இருபத்தஞ்சி வருசமா படம் புடிக்கறேன், ஒருத்தர் ஒரு சொல்லு சொன்னதில்ல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெட்டியைத் திருப்பிச் சீட்டைப் பார்த்தேன். மூன்றாம் லைன். என் லைன். நவம்பர் மாதத்துச் சரக்கு. வண்ணம் சரிசெய்தவர் என்ற இடத்தில் ஐந்தாம் ஸ்டேஷன் முபீனாவின் எண்.

ஸ்டோருக்குப் போனால், அதைப் பார்த்துக்கொள்ளும் வேலு ஏற்கெனவே முப்பத்தேழு பெட்டிகளை ஒரு மூலையில் அடுக்கி வைத்திருந்தான். எல்லாம் திரும்பி வந்தவை, எல்லாவற்றிலும் 'நீலமாகத் தெரிகிறது' என்ற புகார், எல்லாமே அக்டோபருக்குப் பிறகு மூன்றாம் லைனில் செய்தவை.

"எப்படா சொல்லலாம்னு இருந்தே?" என்றேன்.

"சொன்னா கத்துவீங்கன்னுதான் மொதல்ல மேனேஜர் மிஸ்டர் விஜயன்கிட்ட சொன்னேன்," என்றான் வேலு. அப்போது அந்தப் பதிலை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஐந்தாம் ஸ்டேஷன் வேலையைச் சொல்லிவிடுகிறேன். திரையை முழு வெள்ளையாக்கி அதன் எதிரே ஒரு கருவியை நிறுத்துவோம். மணிக்கட்டுப் பருமனில் ஒரு கறுப்புக் குழாய். முகப்பில் ரப்பர் வளையம், அதற்குள் கொஞ்சம் பள்ளத்தில் ஒரு கண்ணாடி. நாங்கள் அதைக் 'கண்ணு' என்போம். திரையின் வெள்ளையைப் பார்த்து அது ஓர் எண் சொல்லும். ஆறாயிரத்து ஐநூறு என்றால் சரியான பகல் வெள்ளை. எண் இறங்கினால் மஞ்சள் அதிகம், ஏறினால் நீலம் அதிகம். அது சொல்வதைக் கேட்டு கம்ப்யூட்டர் தானே நிறங்களைக் கூட்டிக் குறைத்து எண்ணை ஆறாயிரத்து ஐநூறுக்குக் கொண்டுவந்துவிடும். நாற்பது வினாடி வேலைதான். ஆனால் அதற்கு முன் மானிட்டர் இருபது நிமிடம் எரிந்து சூடாகியிருக்க வேண்டும். சூடேறாமல் அளந்தால் பிற்பாடு நிறம் மாறும்.

அந்த ஸ்டேஷனில் ஜூலையிலிருந்து முபீனா நிற்கிறாள். இருபத்திரண்டு வயது. பெக்கான் நானாஸில் அவள் அத்தா சிக்கந்தர் ரொட்டிக் கடை வைத்திருக்கிறார். ஒரு வருடம் ஃபேக்டரியில் பார், சரிப்படாவிட்டால் கடைக்கு வந்துவிடு என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். முபீனாவுக்குக் கடைக்குப் போக விருப்பமில்லை. கருவிகளைப் பழுதுபார்த்துச் சரிசெய்யும் மூன்று மாதப் பயிற்சிக்குக் கம்பெனி பிப்ரவரியில் பினாங்குக்கு ஒருவரை அனுப்புகிறது. போய் வந்தால் டெக்னீசியன். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. அதை எழுதிக் கொடுத்தவளும் நான்தான். வெள்ளைத் திரையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் சலிக்காமல் வேலை செய்கிற பெண்ணை இந்தப் பத்தொன்பது வருடத்தில் நான் வேறு பார்த்ததில்லை.

அன்று மத்தியானமே தர மேலாளர் மிஸ்டர் விஜயன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"தனா, டேட்டா க்ளியரா இருக்கு. எல்லா செட்டும் ஆறாயிரத்து ஐநூறுன்னுதான் பதிவாயிருக்கு. அப்புறம் எப்படி நீலமா மாறுது? சூடேறாம அளந்திருக்கா. டார்கெட்ட புடிக்கணும்னு அவசரப்பட்டிருக்கா."

"முபீனா அப்படிச் செய்யற புள்ள இல்ல. பேனல்காரன் மட்டமான சரக்க தலையில கட்டிட்டான். நான் எத்தன மாசமா சொல்றேன்."

"பேனல் டெஸ்ட் ரிப்போர்ட் ஓகே லா."

"ரிப்போர்ட் எழுதறவனும் அவன்தானே?"

என் குரல் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போயிருக்க வேண்டும், வெளியே இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்டர் விஜயன் தாளைக் கீழே வைத்தார். நல்ல மனிதர்தான், சத்தம் போடமாட்டார். அதனாலேயே அவரோடு சண்டை போடுவது கஷ்டம்.

"வெள்ளிக்கெழம பத்து மணிக்கு விசாரணை. எச்ஆர் வருவாங்க. அதுக்குள்ள வேற காரணம் காட்டுங்க, நான் கேக்கறேன். காட்ட முடியலன்னா அவ வேலை போயிடும். பினாங்கும் இல்ல."

"காட்டறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எப்படிக் காட்டுவேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் சொல்லிவிட்டேன், இனி விடுவதாக இல்லை.

லைனுக்கு வந்தபோது முபீனா கையில் விசாரணைக் கடிதத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "நான் இருபது நிமிசம் விட்டுட்டுத்தான் அளந்தேன் அக்கா," என்று மட்டும் சொன்னாள்.

"தெரியும். உன் வேலையப் பாரு. மத்தத நான் பாத்துக்கறேன்."

செவ்வாய்க்கிழமை முதல் வேலையாக வேலுவின் மூலையிலிருந்து பத்து மானிட்டர்களை எடுத்து வந்து எரியவிட்டேன். இருபது நிமிடமில்லை, ஒரு மணி நேரம். நன்றாகச் சூடேறிய பிறகு, முபீனாவைத் தொடவிடாமல் நானே கண்ணு முன்னால் வைத்து ஒவ்வொன்றாகப் புதிதாகச் சரிசெய்தேன். பத்திலும் எண் ஆறாயிரத்து ஐநூறு வந்தது. அதில் ஒன்றைக் கேண்டீனுக்குத் தூக்கிப் போய், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். நீலம். ஆக, சூடேற்றாததால் வந்த கோளாறு இல்லை. முபீனா மேல் சொன்ன குற்றம் பொய். எனக்கு அவ்வளவு சந்தோஷம், நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் வாங்கிக் குடித்தேன்.

மிஸ்டர் விஜயனிடம் போய்ச் சொன்னால், "அப்ப காரணம் என்ன?" என்றார். அவர் கேட்டதும் சரிதான். காரணம் இல்லாமல் வெறும் 'அவள் இல்லை' என்பதை எச்ஆர் எப்படி எழுதிக்கொள்ளும்?

"பேனல்தான். நாளைக்கிக் காட்டறேன்."

புதன்கிழமை, ஸ்டோரின் அடியில் ஆகஸ்ட் மாதத்துப் பழைய பேனல்கள் எட்டு மிச்சம் இருப்பதை வேலு தோண்டி எடுத்துக் கொடுத்தான். ஆகஸ்டில் செய்தவற்றுக்கு ஒரு புகார்கூடக் கிடையாது. ஆகவே இந்தப் பேனல் நன்றாகத் தெரிந்து, புதிய பேனல் நீலமாகத் தெரிந்தால் பேனல்காரன் கையும் களவுமாகப் பிடிபட்டான். எட்டையும் பூட்டி, சூடேற்றி, சரிசெய்து, கேண்டீன் ஜன்னலுக்குக் கொண்டுபோனோம்.

எட்டும் நீலம்.

மூன்று நாளாகப் பேனல் பேனல் என்று கத்திய வாய் என்னுடையது. பேனல்காரன்மேல் ஒரு குற்றமும் இல்லை. வேலு ஏதோ சொல்ல வந்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான். முபீனா பெருமூச்சு விட்டு, "விடுங்க அக்கா, அத்தா கடையில பரோட்டா போடத் தெரியும் எனக்கு," என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப யோசித்தேன். லைனில் நாற்பது பேர் நிற்கிறோம், எல்லோருக்கும் கண் இருக்கிறது. ஏன் ஒருவருக்கும் நீலம் தெரியவில்லை? தெரியாததற்குக் காரணம் எளிது. நாங்கள் பார்ப்பது ஒரே மாதிரி மானிட்டர்களை மட்டும். பக்கத்தில் இருப்பதும் நீலம், எதிரில் இருப்பதும் நீலம். அரை மணி நேரத்தில் கண் பழகி, அதையே வெள்ளை என்று ஒப்புக்கொண்டுவிடும். ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான வெள்ளை ஒன்று எதிரில் வேண்டும்.

இருந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஒவ்வொரு லைனுக்கும் ஒரு கோல்டன் செட் உண்டு. ஆய்வுக்கூடத்தில் அளந்து, சரியான வெள்ளை இதுதான் என்று முத்திரை ஒட்டி வந்த மானிட்டர். தினமும் காலையில் முதல் வேலையாக அதை ஏற்றி, கண்ணு ஆறாயிரத்து ஐநூறு சொல்கிறதா என்று பார்த்துவிட்டு, லீடர் தாளில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். செப்டம்பரில் மிஸ்டர் விஜயனின் மேசை மானிட்டர் கெட்டுப்போனது. "ரெண்டு நாளைக்கு மட்டும் லா," என்று எங்கள் கோல்டனை எடுத்துக்கொண்டு போனார். தொழிற்சாலையிலேயே நல்ல மானிட்டர் அது, யார் திருப்பிக் கொடுப்பார்கள்? நானும் இரண்டு நாள்தானே என்று பார்க்காமலே டிக் போட்டேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கண்ணு என்றைக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறது என்ற நினைப்பு. ஒரு செத்த புள்ளியை விட்டுவிட்டால் ஆளைத் தொங்கவிடுகிற நான்தான் இதைச் செய்தேன்.

வியாழக்கிழமை காலை நேரே அவர் அறைக்குப் போய் மேசைக்குப் பின்னால் குனிந்து ஒயரைக் கழற்றப் போனேன்.

"தனா, என்ன பண்றீங்க?"

"என் கோல்டன வாங்கிட்டுப் போறேன்."

"ரிப்போர்ட் தெறந்திருக்கு."

"சேவ் பண்ணிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"பண்ணுங்க. நிக்கறேன்."

சேவ் செய்தார். நான் மானிட்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

லைனில் தேநீர் இடைவேளை விட்டிருந்தார்கள். நானும் முபீனாவும் மட்டும் இருந்தோம். கோல்டனை எரியவிட்டு அதன் பக்கத்தில் அன்று காலையில் செய்த புது மானிட்டரை வைத்தோம். இரண்டையும் வெள்ளையாக்கினோம். உற்றுப் பார்க்கவே தேவையில்லாதபடி தெரிந்தது. கோல்டன் வெள்ளையாக இருந்தது. எங்களுடையது சொட்டு நீலம் அதிகமாகப் போட்டு அலசிய வேட்டி மாதிரி இருந்தது.

"ஐயோ, அலமாக்," என்றாள் முபீனா மெதுவாக.

இருபது நிமிடம் காத்திருந்து கோல்டனைக் கண்ணு முன்னால் வைத்தோம். ஆறாயிரத்து ஐநூறு வர வேண்டும். வந்தது ஐயாயிரத்து எழுநூற்று நாற்பது. சரியான வெள்ளையைப் பார்த்து மஞ்சள் என்கிறது கருவி. மஞ்சள் என்று அது சொன்னதை நம்பி, ஒவ்வொரு மானிட்டரிலும் நீலத்தை அள்ளிக் கொட்டியிருக்கிறது கம்ப்யூட்டர். பேனல் இல்லை, சூடு இல்லை, முபீனா இல்லை. கண்ணுதான் பொய் சொல்லியிருக்கிறது.

கைப்பேசி விளக்கைப் போட்டு, குழாயின் முகப்புக்குள் எட்டிப் பார்த்தேன். பள்ளத்தில் இருந்த கண்ணாடியின்மேல் மெல்லிய பழுப்பு மஞ்சள் படலம். மேலிருந்து கீழே வழிந்து காய்ந்த தடம். ஒரு பஞ்சுக் குச்சியை விட்டு ஓரத்தில் மட்டும் லேசாகத் தொட்டு எடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனேன்.

சந்தனம்.

என் சந்தனம். என் வீட்டுக் கல்லில் நான் இழைத்து, பன்னீர் விட்டுக் குழைத்தது. பதினொரு வருடத்துக்கு முன்பு நிர்வாகத்தோடு சண்டை போட்டு ஆயுத பூசைக்கு அரை மணி நேரம் வாங்கியவள் நான். அன்றிலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் கன்வேயருக்கும், ஸ்க்ரூ துப்பாக்கிக்கும், ஃபோர்க்லிஃப்டுக்கும் என் கையால்தான் பொட்டு. பூசை முடிந்தால் மலாய்க்காரர், சீனர், நேப்பாளத்துப் பையன்கள் எல்லோரும் சுண்டல் கேட்டு வரிசையில் நிற்பார்கள். பழைய கருவி கையடக்கமானது, அலமாரிக்குள் பூட்டியிருக்கும். இந்தப் புதுக் கண்ணு இந்த வருடம்தான் ஸ்டாண்டில் நிரந்தரமாக நின்றது. புது ஆள் என்று, நெற்றி எதுவென்று தேடி, ரப்பர் வளையத்தின் மேல் விளிம்பில் தாராளமாக வைத்தேன். பன்னீர் கூடிப்போன சந்தனம் அங்கேயா நிற்கும்? உள்ளே வழிந்திருக்கிறது. விளிம்பில் இன்னும் காய்ந்த பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது, குங்குமம் உதிர்ந்து.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. கண்ணாடியை ஒவ்வொரு திங்கட்கிழமையும் லென்ஸ் தாளால் துடைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. முபீனா விதி தவறுகிறவள் இல்லை.

"நீ துடைக்கறதில்லையா?"

அவள் ஸ்டாண்டின் திருகைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"உன்னத்தான் கேக்கறேன் முபீனா."

"பொட்டு இருக்கறது தெரியும் அக்கா. உள்ள எறங்கினது சத்தியமா தெரியாது. துடைக்கணும்னா கைய விளிம்புல வச்சுத்தான் உள்ள விடணும். பொட்டு அழிஞ்சிடும். வெளிய குழாய மட்டும் துடைச்சேன்."

"அழிஞ்சா அழியட்டும்னு துடைக்க வேண்டியதுதானே. இல்ல எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்லுவேன்?" என்றாள். "நான் வந்த மொத வாரமே வேலு அண்ணன் சொன்னாங்க. போன வருசம் ஆடிட் வருதுன்னு ஃபோர்க்லிஃப்ட்ல இருந்த பொட்ட அவங்க துடைச்சதுக்கு, நீங்க கேண்டீன்ல எல்லார் முன்னாலயும் அவங்கள நிக்கவச்சி ஏசினீங்களாம். அக்கா வச்ச பொட்டுல மட்டும் கை வச்சிடாதன்னாங்க. அவங்க உங்க ஆளு, அவங்களுக்கே அப்படின்னா, நான் துடைச்சா? முபீனா சாமி பொட்ட அழிச்சிட்டான்னு ஆயிடாதா? எனக்கு உங்கமேல மரியாதை அக்கா. அதான் தொடல."

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். வேலுவை ஏசினேன். தேநீர் இடைவேளை முழுக்க ஏசினேன், அவன் மீ கோரெங் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றான். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. என் வாய்க்குப் பயந்து வேலு முப்பத்தேழு பெட்டியை மறைத்தான், இவள் ஒரு கண்ணாடியைத் துடைக்காமல் விட்டாள். வாயைத் திறந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அழுகை வந்தது.

முபீனாதான் முதலில் பேசினாள். "அக்கா, இப்பவே துடைச்சிடலாம். தூசி போயிடுச்சின்னு சொல்லிக்கலாம். இல்லன்னா அடுத்த வருசம் பூசைய நிப்பாட்டிடுவாங்க."

"தூசின்னா துடைக்காதது யாரு குத்தம்?"

அவள் லென்ஸ் தாளை எடுத்துக் கருவியருகே கொண்டுபோனாள்.

"உன் குத்தம்னு எழுதி, உன்ன அனுப்பிடுவாங்க. கைய எடு. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் அத யாரும் தொடக்கூடாது." கண்ணின் முகப்பில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டேன். லைனை நிறுத்தினேன். லைனை நிறுத்த லீடருக்கு அதிகாரம் உண்டு, பத்தொன்பது வருடத்தில் நான் அதை நாலு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை அறையில் மிஸ்டர் விஜயனும் எச்ஆர் அதிகாரி புவான் ரொஹானாவும் உட்கார்ந்திருந்தார்கள். முபீனா நாற்காலியின் நுனியில். நான் கோல்டனைத் தூக்கிக்கொண்டும் வேலு கண்ணை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டும் போனோம். இரண்டு மானிட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கண்ணு சொன்ன எண்ணைக் காட்டினேன். பஞ்சுக் குச்சியைப் புவான் ரொஹானாவிடம் நீட்டினேன். அவர் முகர்ந்து பார்த்து, நல்ல வாசனையாக இருக்கிறதே, என்ன இது என்று மலாயில் கேட்டார்.

"செண்டானா," என்றேன், சந்தனத்துக்கு மலாயில் அதுதான் பெயர். "பூசைக்கு நான் வச்ச பொட்டு. நான் வச்சது. இந்தப் பொண்ணு வைக்கல."

மிஸ்டர் விஜயன் என் பக்கம் சாய்ந்தார். தமிழில், தாழ்ந்த குரலில் சொன்னார்: "தனா, ஏதோ வெளிப்பொருள் பட்டிருச்சின்னு மட்டும் எழுதி முடிச்சிடலாம். பூசைய ஏன் இழுக்கணும்? பின்னால உங்களுக்குத்தான் கஷ்டம்."

அவர் எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். எனக்கும் ஒரு நொடி ஆசை வந்தது. பதினொரு வருடத்துச் சுண்டலும், வரிசையும், கன்வேயர்மேல் தொங்கும் மாவிலையும் கண்ணில் வந்து போயின.

"வெளிப்பொருள்னா துடைக்காத ஆபரேட்டர் யாருன்னு அடுத்த கேள்வி வரும். மறுபடி இவ தலையிலதான் விழும்," என்றேன். "எழுதிக்குங்க. பொட்டு வச்சது நான். அத எவனும் தொடக்கூடாதுன்னு பயங்காட்டி வச்சிருந்ததும் நான்தான், அதான் இவ துடைக்கல. கோல்டன வச்சுப் பாக்காமலே மூனு மாசமா கையெழுத்துப் போட்டதும் நான். மூனும் என் பேர்ல வரணும். அப்புறம், கோல்டன் எங்க இருந்துச்சின்னும் எழுதணும்."

மிஸ்டர் விஜயன் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"என் ரூம்ல இருந்துச்சி," என்று புவான் ரொஹானாவிடம் மலாயில் சொன்னார். "நான்தான் எடுத்துட்டுப் போனேன்." பிறகு என்னைப் பார்த்து, "எழுதுங்க தனா," என்றார்.

எழுதினேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, பத்தொன்பது வருடத்தில் முதல் கடிதம். அடுத்த வருடப் பூசை பற்றி நிர்வாகம் பிறகு முடிவு செய்யும் என்றார்கள். அது வலிக்கத்தான் செய்தது, இப்போதும் வலிக்கிறது. அக்டோபருக்குப் பின் கடைகளுக்குப் போனவற்றையெல்லாம் திரும்ப வரவழைத்துச் சரிசெய்வதென்றும், ஐயாசாமியின் ஆல்பத்தைக் கம்பெனியே மறுபடி அச்சடித்துக் கொடுப்பதென்றும் முடிவாயிற்று. முபீனாவின் கடிதத்தைப் புவான் ரொஹானா அவள் கண் முன்னாலேயே கிழித்தார். பினாங்குப் பட்டியலில் அவள் பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது.

லைனுக்குத் திரும்பி வந்து கண்ணைப் பழைய இடத்தில் பூட்டினோம். நாற்பது பேரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். எல்லோருக்கும் விஷயம் தெரிந்துபோயிருந்தது. வேலு என் பக்கத்தில் நின்றான். "போன வருசம் உன்ன அப்படி ஏசியிருக்கக் கூடாதுடா," என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி, ஏனென்றால் ஏசியதும் எல்லோர் காதிலும் விழும்படிதான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "மீ கோரெங் வாங்கிக் குடுத்துருங்க, சரியாப் போயிடும்," என்றான்.

பையைக் கழற்றிவிட்டு, லென்ஸ் தாளை முபீனாவிடம் நீட்டினேன்.

"துடை."

அவள் வாங்கவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "நீங்களே துடைச்சிடுங்க அக்கா."

"அஞ்சாம் ஸ்டேஷன் யாரோடது?"

"என்னோடது."

"அப்ப நீதான் துடைக்கணும்."

வாங்கிக்கொண்டாள். உள்ளே இருந்த கண்ணாடியை நிதானமாக, வட்டமாக, மூன்று தாள் மாற்றித் துடைத்தாள். விளிம்பில் இருந்த பொட்டருகே வந்ததும் கை நின்றது. என்னைப் பார்த்தாள்.

"அதையும்," என்றேன்.

ஒரே இழுப்பில் எடுத்துவிட்டாள். அந்தத் தாளை மட்டும் குப்பைக் கூடையில் போடாமல் நான்காக மடித்து என் கையில் கொடுத்தாள். நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கோல்டனை ஏற்றி எரியவிட்டோம். இருபது நிமிடம் யாரும் நகரவில்லை. பிறகு முபீனா பொத்தானை அழுத்தினாள். திரையில் எண் கொஞ்சம் ஆடி, ஆறாயிரத்து ஐநூறில் வந்து நின்றது. இரண்டாம் தடவை அளந்தாள். அதே எண்.

காலைச் சோதனைத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். செப்டம்பரிலிருந்து அந்தத் தாளில் நான் போட்ட கையெழுத்துகளில், பார்த்துவிட்டுப் போட்டது அது ஒன்றுதான்.